எ, ஆன், தி: எங்கே போடுவது, எங்கே விடுவது?

ஆங்கிலத்தில் வேறு எந்தச் சொல்லையும்விட அதிகமாக வருவது 'தி'தான். அப்படியிருந்தும், பல வருடம் ஆபீஸில் ஆங்கிலத்தில் மெயில் எழுதிப் பழகியவர்கள்கூட அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன் "இங்கே தி வருமா?" என்று ஒரு நொடி தயங்குவார்கள். ரஷ்யர்களுக்கும் சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவர்கள் மொழியிலும் எ, ஆன், தி போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் "எ என்றால் ஒரு, தி என்றால் அந்த" என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாதி இடங்களில் இது பொருந்திவிடும். அதனால்தான் மீதிப் பாதியில் காலை வாரிவிடுகிறது. 'தி சன்' என்பதை யாரும் 'அந்தச் சூரியன்' என்று சொல்வதில்லை. 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' என்பதற்குத் தமிழில் 'என் அப்பா விவசாயி' என்றால் போதும். அந்தக் கணக்கை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். 'எ'வுக்கும் 'தி'க்கும் உள்ள வித்தியாசம் தமிழ் பேசுகிறவருக்குப் புதிதே இல்லை. நாம் அதை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறோம். ஆனால் அது நம்மிடம் தனிச்சொல்லாக இல்லாமல், பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எப்படி என்று மூன்றாம் படியில் பார்ப்போம்.

ஆங்கில எடுத்துக்காட்டுகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். ஆர்ட்டிகிள் கண்ணைவிடக் காதில்தான் சீக்கிரம் பதியும்.

முதல் படி: நாற்காலி காலியாக இருக்கிறதா?

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மை, யுவர், ஹிஸ், திஸ், தட், எவ்ரி, சம், ராமுஸ் இவற்றில் ஏதாவது ஒன்று அதில் உட்கார்ந்துவிட்டால் ஆர்ட்டிகிளுக்கு இடமில்லை. 'மை புக்', 'திஸ் புக்', 'ராமுஸ் பைக்', அவ்வளவுதான். 'தி மை புக்' கிடையாது. 'என் நண்பர் ஒருவர்' என்று சொல்ல ஆசைப்பட்டு 'எ மை ஃபிரண்ட்' என்று எழுதக் கூடாது. 'எ ஃபிரண்ட் ஆஃப் மைன்' என்று 'மை'யைப் பின்னால் அனுப்பிவிட வேண்டும். டூ, த்ரீ போன்ற எண்கள் இந்த நாற்காலிக்குப் போட்டி போடுவதில்லை. அதனால் 'தி டூ புக்ஸ்' சரி.

இரண்டாம் படி: எண்ண முடியுமா? ஒன்றா, பலவா?

இங்கே ஒரே ஒரு விதியை மனதில் ஆணி அடித்ததுபோல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணக்கூடிய பொருள், அதுவும் ஒன்றே ஒன்று என்றால், ஆங்கிலத்தில் அந்தச் சொல் வெறுமனே நிற்காது. அதற்கு முன்னால் எ, ஆன், தி, மை, திஸ் என்று ஏதோ ஒன்று வந்தாக வேண்டும். 'ஐ ஆம் ஸ்டூடண்ட்', 'ஷி இஸ் இன்ஜினியர்', 'வி ஹேவ் கார்' மூன்றும் தவறு. 'ஐ ஆம் எ ஸ்டூடண்ட்', 'ஷி இஸ் ஆன் இன்ஜினியர்', 'வி ஹேவ் எ கார்' என்றுதான் வரும். தமிழில் 'நான் மாணவன்', 'எங்களிடம் கார் இருக்கிறது' என்பவை முழு வாக்கியங்கள். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ஒன்றும் போடாமல் விட்டுவிடுகிறோம். நம்மவர் ஆங்கிலத்தில் நான் பார்க்கும் ஆர்ட்டிகிள் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியில்தான் விழுகின்றன. வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் உங்கள் எழுத்து உடனே வேறு மாதிரி ஆகிவிடும்.

ஒரு இனத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போது இன்னொரு சிக்கல் வரும். தமிழில் நாம் ஒருமையில் சொல்வோம்: 'நாய் நன்றியுள்ளது', 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்.' ஆங்கிலத்தில் இதற்குச் சாதாரணமாக வருவது பன்மை, அதுவும் ஆர்ட்டிகிள் இல்லாத பன்மை. 'டாக்ஸ் ஆர் ஃபெய்த்ஃபுல்.' 'ஐ லைக் மேங்கோஸ்.' இதில் 'தி'யை நுழைத்து 'ஐ லைக் தி மேங்கோஸ்' என்றால், தட்டில் இருக்கும் இந்தக் குறிப்பிட்ட மாம்பழங்கள் நன்றாக இருக்கின்றன என்று பொருள் மாறிவிடும்.

எண்ண முடியாத சொற்களோடு 'எ' சேராது. தண்ணீர், அரிசி, பணம் எண்ண முடியாதவை என்பது நமக்கே தெரியும். ஆனால் தமிழில் எண்ணிவிடக்கூடிய சில விஷயங்கள் ஆங்கிலத்தில் எண்ண முடியாதவையாக இருக்கின்றன: நியூஸ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க், ட்ராஃபிக், சாஃப்ட்வேர், எக்விப்மென்ட். இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிடுவதுதான் நல்லது. 'ஒரு நல்ல செய்தி' என்று நினைத்துக்கொண்டு 'எ குட் நியூஸ்' என்று எழுதுவது நம்மிடையே ரொம்பச் சகஜம். 'குட் நியூஸ்' அல்லது 'சம் குட் நியூஸ்' என்றால் போதும். அதேபோல 'எனக்கு ஒரு வேலை இருக்கிறது' என்று சொல்ல 'ஐ ஹேவ் எ வொர்க்' வராது. 'ஐ ஹேவ் சம் வொர்க்' என்று சொல்ல வேண்டும். 'எ ஜாப்' என்றால் சம்பளத்துக்குப் பார்க்கும் உத்தியோகம். 'எ வொர்க்' என்றால் ஓவியம், நூல் மாதிரியான ஒரு படைப்பு. ஹோட்டலில் 'எ காஃபி' என்று கேட்கலாம், அங்கே எண்ணுவது கப்பை.

மூன்றாம் படி: கேட்கிறவர் 'எந்த?' என்று கேட்பாரா?

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. நீங்கள் ஒரு பொருளைச் சொன்னதும் எதிரில் இருப்பவருக்கு அது எது என்று தெரிந்துவிடுமானால் 'தி'. 'எந்தப் புத்தகம்?' என்று அவர் கேட்கும்படி இருந்தால், அல்லது எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றால், 'எ'. முடிவு செய்ய வேண்டியது உங்களுக்குத் தெரியுமா என்பதை வைத்து அல்ல, கேட்கிறவருக்குத் தெரியுமா என்பதை வைத்து. நேற்று நீங்கள் வாங்கிய போன் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஆனால் நண்பரிடம் முதல்முறை சொல்லும்போது 'ஐ பாட் எ போன்'தான்.

இந்த வித்தியாசம் நமக்குப் பழக்கமானதுதான் என்று சொன்னேன் அல்லவா? 'பேனா கொண்டு வா' என்று சொல்லிப் பாருங்கள். ஏதாவது ஒரு பேனா. 'பேனாவைக் கொண்டு வா' என்றால்? குறிப்பிட்ட பேனா, எது என்று இருவருக்கும் தெரியும். முதலாவது 'ப்ரிங் எ பென்', இரண்டாவது 'ப்ரிங் தி பென்.' வேற்றுமை உருபு 'ஐ' இங்கே 'தி'யின் வேலையைச் செய்துவிடுகிறது. இன்னும் பாருங்கள். 'வீடு கட்டினார்': 'ஹி பில்ட் எ ஹவுஸ்.' 'பிறகு வீட்டை விற்றார்': 'தென் ஹி சோல்ட் தி ஹவுஸ்.' 'கதவைச் சாத்து': 'ஷட் தி டோர்.' 'லைட்டைப் போடு': 'ஸ்விட்ச் ஆன் தி லைட்.' (இந்த 'ஆன்' ஆர்ட்டிகிள் அல்ல, 'on' என்ற வேறு சொல். கீழே 'காட் ஆன் எ பஸ்' என்பதிலும் அப்படித்தான்.) எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ஒன்று இருக்கிறது. 'உண்மையைச் சொல், பொய் சொல்லாதே.' உண்மைக்கு ஐ இருக்கிறது, பொய்க்கு இல்லை. ஆங்கிலத்திலும் 'டெல் தி ட்ரூத்', 'டோன்ட் டெல் எ லை.' உண்மை ஒன்றுதான், பொய் எத்தனையோ இருக்கலாம் என்று இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி நினைத்திருக்கின்றன.

எல்லா இடத்திலும் இந்த அளவுகோல் செல்லாது. மனிதர்களைச் சொல்லும்போது தமிழில் எப்படியும் ஐ வந்துவிடும். 'டாக்டரைப் பார்த்தேன்' என்பது 'எ டாக்டர்' ஆகவும் இருக்கலாம், 'தி டாக்டர்' ஆகவும் இருக்கலாம். 'ஒரு படத்தைப் பார்த்தேன்' என்று 'ஒரு' முன்னால் வந்துவிட்டால் 'எ'தான், ஐ இருந்தாலும். 'தமிழை நேசிக்கிறேன்' என்பதில் மொழிப்பெயர் தனியாக இருப்பதால் 'ஐ லவ் தமிழ்' என்று ஆர்ட்டிகிள் இல்லாமலே வரும். ஆகவே அஃறிணைப் பொருளுக்கும், முன்னால் 'ஒரு' இல்லாத இடத்துக்கும் இதைப் பயன்படுத்துங்கள்.

பெயர்ச்சொல் எழுவாயாக வந்தால் ஐ கிடைக்காது. அப்போது 'ஒன்று' அல்லது 'ஒருவர்' சேர்த்துப் பாருங்கள். 'கடிதம் வந்திருக்கிறது' என்று நினைக்கிறீர்கள். 'கடிதம் ஒன்று வந்திருக்கிறது' என்று சொன்னாலும் நீங்கள் நினைத்தது மாறவில்லை என்றால் 'எ லெட்டர்.' இருவரும் காத்துக்கொண்டிருந்த கடிதம்தான் வந்தது, 'ஒன்று' ஒட்டவில்லை என்றால் 'தி லெட்டர்.'

சரி, எது என்று கேட்கிறவருக்கு எப்படியெல்லாம் தெரிய வரும்? முதல் வழி, ஏற்கெனவே சொல்லிவிட்டோம். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூன்று பெண்கள்' என்று பாட்டி கதை சொல்வது போலத்தான் ஆங்கிலமும். முதலில் 'எ கிங்', அடுத்து 'தி கிங்.' இங்கே மட்டும் பள்ளிக்கூடக் கணக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டாவது வழியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒன்றைச் சொன்னதும் அதோடு கூட வருவதும் தெரிந்ததாகிவிடும். 'வி காட் ஆன் எ பஸ். தி கண்டக்டர் டிட் நாட் ஹேவ் சேஞ்ச்.' கண்டக்டரைப் பற்றி இதற்குமுன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நம்மூர் பஸ் என்றால் கண்டக்டர் ஒருவர் இருப்பார், அதனால் 'தி.' தமிழில் இந்த இடத்தில் 'அந்தக் கண்டக்டர்' என்று சொல்ல மாட்டோம், வெறும் 'கண்டக்டர்'தான். அதனாலேயே ஆங்கிலத்திலும் 'தி'யைத் தவறவிடுகிறோம். அதே வாக்கியத்தில் சில்லறைக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று கவனித்தீர்களா? எண்ண முடியாதது, குறிப்பிட்டதும் அல்ல. அப்புறம் வழியில் டயர் வெடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எ டயர் பர்ஸ்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்குக் கண்டக்டர் ஒருவர், டயரோ பல. எந்த டயர் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. ஒரே பஸ்ஸில் இருக்கும் இந்த இரண்டையும் நன்றாகப் புரிந்துகொண்டால் 'தி'யின் உயிர்நாடி கையில் வந்துவிடும்.

மூன்றாவது வழி, பின்னால் வரும் விளக்கம். 'தி புக் யூ கேவ் மீ': நீ கொடுத்த புத்தகம். தமிழில் பெயரெச்சம் முன்னால் வந்து பொருளை அடையாளம் காட்டுகிறது, ஆங்கிலத்தில் அது பின்னால் வருகிறது. விளக்கம் இருந்தாலே 'தி' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 'ஐ மெட் எ மேன் ஹூ செல்ஸ் ஃபிஷ்' என்பதில் மீன் விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர். உலகத்திலோ ஊரிலோ ஒன்றுதான் இருப்பவை, 'தி சன்', 'தி சீஃப் மினிஸ்டர்', 'தி பஸ் ஸ்டாண்ட்' போன்றவை, தாமாகவே அடையாளம் தெரிந்துவிடும். பெஸ்ட், பிக்கஸ்ட், சேம், ஒன்லி போன்ற சொற்களும் ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுவதால் சாதாரணமாக 'தி'யோடு வரும்.

நான்காம் படி: 'எ'யா, 'ஆன்' ஆ?

இது நமக்குச் சுலபம். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். ஆர்ட்டிகிளுக்கு அடுத்து வரும் சொல்லைச் சரியான உச்சரிப்போடு தமிழில் எழுதினால் முதல் எழுத்து உயிரெழுத்தா? அப்படியென்றால் 'ஆன்.' இல்லையென்றால் 'எ.' 'யூனிவர்சிட்டி' யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே 'எ யூனிவர்சிட்டி.' 'எ யூரோப்பியன்', 'எ யூ.எஸ்.பி.' கூட அப்படித்தான். எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர்., எக்ஸ்ரே மூன்றும் எகரம், ஆகவே 'ஆன்.' 'ஆன் அவர்', 'ஆன் ஆனஸ்ட் மேன்': ஆங்கில எழுத்தில் முன்னால் ஹெச் இருந்தாலும் அது ஒலிப்பதில்லை. ஓர் எச்சரிக்கை, 'ஒன்' என்று தமிழில் எழுதினாலும் உச்சரிப்பு 'வன்', அதனால் 'எ வன் ருபீ காயின்.' பேச்சில் நாம் எகரத்தை 'யெ' என்று இழுப்பதுண்டு, அதை இங்கே கணக்கில் எடுக்க வேண்டாம்.

அடுத்து வரும் சொல் என்று சொன்னதைக் கவனியுங்கள், பெயர்ச்சொல் என்று சொல்லவில்லை. 'எ ஹவுஸ்', ஆனால் 'ஆன் ஓல்ட் ஹவுஸ்.' 'ஆன் ஐடியா', ஆனால் 'எ குட் ஐடியா.' ஆர்ட்டிகிள் வேண்டுமா என்பதைப் பெயர்ச்சொல் தீர்மானிக்கும். எ, ஆன் இரண்டில் எது என்பதைப் பக்கத்துச் சொல் தீர்மானிக்கும். 'சச் எ நைஸ் மேன்', 'ஹாஃப் ஆன் அவர்', 'வாட் எ கேட்ச்' போன்ற சிலவற்றில் ஆர்ட்டிகிள் நடுவில் நுழையும். சொல்லிச் சொல்லிப் பழகினால் வந்துவிடும்.

'ஆன்' தான் மூத்தது, ஒன்றைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. மெய்யொலிக்கு முன் 'ன்' உதிர்ந்து 'எ' ஆனது. இந்த ஒட்டலிலும் வெட்டலிலும் சில சொற்கள் உருமாறியும் இருக்கின்றன. கிரிக்கெட் அம்பயர் இடைக்கால ஆங்கிலத்தில் 'ந'வில் தொடங்கியவர். ஆர்ட்டிகிளோடு சேர்த்துச் சொல்லும்போது அந்த 'ந்' ஆர்ட்டிகிள் பக்கம் போய்ச் சேர்ந்து 'ஆன் அம்பயர்' ஆகிவிட்டது.

உயிரொலிக்கு முன் 'தி' என்றும் மற்ற இடங்களில் குட்டையாக 'த' என்றும் உச்சரியுங்கள். எழுதும்போது எல்லாம் ஒன்றுதான்.

ஒரு மெயிலைத் திருத்திப் பார்ப்போம்

கடைக்கு ஒரு புகார் மெயில். முதலில் நம்மவர் பாணியில்:

'ஐ பாட் லேப்டாப் ஃப்ரம் யுவர் ஷாப் ஆன் மண்டே. சார்ஜர் இஸ் நாட் வொர்க்கிங். ஐ ஹேவ் அட்டாச்ட் பில். ஐ நீட் ரீப்ளேஸ்மென்ட். ப்ளீஸ் கிவ் மீ ஆன் இன்ஃபர்மேஷன் அபௌட் வாரண்ட்டி.'

லேப்டாப்: எண்ணக்கூடியது, ஒன்று, படிப்பவர் இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறார். 'எ லேப்டாப்.' ஷாப்: 'யுவர்' நாற்காலியில் இருக்கிறது, விட்டுவிடுங்கள். மண்டே: கிழமைக்குச் சாதாரணமாக ஆர்ட்டிகிள் வராது, முன்னால் இருக்கும் 'ஆன்' 'on' என்ற வேறு சொல். சார்ஜர்: கண்டக்டர் கதையேதான். லேப்டாப்போடு சார்ஜர் ஒன்று வரும், ஆகவே 'தி சார்ஜர்.' பில்: அந்த வாங்கலுக்கு ஒரே பில், 'தி பில்.' தமிழில் 'பில்லை இணைத்திருக்கிறேன்' என்று ஐ போட்டுத்தானே எழுதுவீர்கள். ரீப்ளேஸ்மென்ட்: இதுவரை கையில் இல்லாத, ஏதோ ஒரு மாற்று. 'எ ரீப்ளேஸ்மென்ட்.' இன்ஃபர்மேஷன்: எண்ண முடியாதது, 'ஆன்' போகட்டும், 'சம்' வரட்டும். வாரண்ட்டி: இந்த லேப்டாப்புக்கு உரியது, 'தி வாரண்ட்டி.'

'ஐ பாட் எ லேப்டாப் ஃப்ரம் யுவர் ஷாப் ஆன் மண்டே. தி சார்ஜர் இஸ் நாட் வொர்க்கிங். ஐ ஹேவ் அட்டாச்ட் தி பில். ஐ நீட் எ ரீப்ளேஸ்மென்ட். ப்ளீஸ் கிவ் மீ சம் இன்ஃபர்மேஷன் அபௌட் தி வாரண்ட்டி.'

ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர்

ஆள் பெயர், ஊர்ப்பெயர், பெரும்பாலான நாட்டுப்பெயர்களுக்கு ஆர்ட்டிகிள் இல்லை: மதுரை, இந்தியா, ஸ்ரீலங்கா. பெயருக்குள் ஸ்டேட்ஸ், கிங்டம், எமிரேட்ஸ் போன்ற பொதுச்சொல் இருந்தாலோ பெயர் பன்மையாக இருந்தாலோ 'தி' வரும்: 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ்', 'தி யுனைடெட் கிங்டம்', 'தி மால்தீவ்ஸ்', 'தி நெதர்லாந்த்ஸ்.' ஆறுகள், கடல்கள், மலைத்தொடர்களுக்கும் 'தி' உண்டு: 'தி காவேரி', 'தி பே ஆஃப் பெங்கால்', 'தி வெஸ்டர்ன் காட்ஸ்.' தனிச் சிகரத்துக்கும் தனி ஏரிக்கும் இல்லை: 'மவுன்ட் எவரெஸ்ட்', 'லேக் விக்டோரியா.' பல்கலைக்கழகப் பெயர்களில் 'ஆஃப்' வந்தால் 'தி', இல்லையென்றால் வேண்டாம்: 'தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்', ஆனால் 'அண்ணா யூனிவர்சிட்டி.' மொழிக்கும் இதே போல, 'ஐ ஸ்பீக் தமிழ்', ஆனால் 'தி தமிழ் லேங்குவேஜ்.'

காரணம் தேடாமல் பழக வேண்டியவை

'கோ டு ஸ்கூல்', 'கோ டு பெட்', 'அட் ஹோம்', 'பை பஸ்', 'ஹேவ் லஞ்ச்': இவற்றில் ஆர்ட்டிகிள் கிடையாது. மகள் படிக்கப் போனால் 'ஷி கோஸ் டு ஸ்கூல்'. நீங்கள் ஃபீஸ் கட்டப் போனால் 'ஐ வென்ட் டு தி ஸ்கூல்', அங்கே அது ஒரு கட்டடம். ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்திருப்பவரை பிரிட்டிஷ்காரர்கள் 'இன் ஹாஸ்பிட்டல்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பார்கள். 'இன் தி மார்னிங்', ஆனால் 'அட் நைட்.' 'ப்ளே கிரிக்கெட்', ஆனால் 'ப்ளே தி வீணா.' 'கிலோ அறுபது ரூபாய்' என்பதற்கு 'சிக்ஸ்டி ருபீஸ் எ கிலோ', 'தினம் இரண்டு வேளை' என்பதற்கு 'ட்வைஸ் எ டே.'

'எ ஃபியூ', 'எ லிட்டில்' இரண்டில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை தேவை. 'எ ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் சிலர் வந்தார்கள். 'எ'யை எடுத்துவிட்டு 'ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் அதிகம் பேர் வரவில்லையே என்ற குறை தொனிக்கும். நன்றிக் கடிதத்தில் இதைத் தவறவிட்டால் விழா நடத்தியவர் மனம் நோகும்.

பழக ஒரு வழி சொல்கிறேன். ஆங்கில நாளிதழில் ஒரு சின்னச் செய்தியை எடுங்கள். எ, ஆன், தி எல்லாவற்றையும் அடித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள், மூலத்தைப் பார்க்காமல் திரும்ப நிரப்புங்கள். தலைப்பைத் தொடாதீர்கள், இடம் மிச்சம் பிடிக்கத் தலைப்புகளில் ஆர்ட்டிகிளை விடுவது பத்திரிகை வழக்கம். நிரப்பிய பிறகு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்தப் படியில் தவறியது என்று 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். சில செய்திகளிலேயே ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தப் படியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள்.